தாய்மாமன் மடி

ஜூலை 20, ஞாயிறு

இந்த டைரி ஆர்டர் குறித்து வைப்பதற்காக வாங்கியது. எந்தத் தேதியில் எந்தக் கோயில், எத்தனை ஹாரன் ஸ்பீக்கர், எவ்வளவு தூரத்துக்கு வயர், அவ்வளவுதான். வீட்டு விஷயத்தை இதில் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன், ஏனென்றால் சொல்வதற்கு ஆள் இல்லை. எங்கள் ஊர் போடியில் ஒருவனிடம் ரகசியம் சொல்வதும் நான் மைக் போட்டுச் சொல்வதும் ஒன்றுதான்.

ஆடி மாதம் மைக் செட்காரனுக்குத் தூக்கம் கிடையாது. கூழ் ஊற்றும் இடத்தில் செட்டைப் பிரித்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாமியார் ராமுத்தாய் வந்திருந்தார். பாப்பாவுக்கு மூன்று வயது முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று நாளும் பார்த்துவிட்டாராம். ஆகஸ்ட் 29, எங்கள் கருப்பசாமி கோயிலில்.

என் மனைவி நாகஜோதிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் பெரியப்பா மகன் வனராஜ்தான் தாய்மாமன் முறை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார், கலகலப்பான மனிதர். மாமியார் உடனே அவருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “பாப்பாவ என் மடியில உக்கார வச்சு ஜாம்ஜாம்னு பண்ணிருவோம் மாப்ள” என்றார். எனக்குச் சந்தோஷம். பூண்டு உரித்துக்கொண்டிருந்த நாகஜோதி எழுந்து உள்ளே போனாள்.

வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் கிரைண்டருக்கும் சுவருக்கும் இடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் கல்கண்டு டப்பா. என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, “அம்மா எப்ப மலையில இருந்து வரும்?” என்று கேட்டாள். அவள் அம்மா அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விளையாடுகிறாள் என்று சிரித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் எப்போதும்போல எழுந்து வந்து, கல்கண்டை யார் காலி செய்தது என்று பாப்பாவைத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடமாகக் குரலோடு பிழைக்கிறவன் நான். கிரைண்டர் பக்கத்தில் கேட்டது நாகஜோதியின் குரல் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது. நாகஜோதி நன்றாக இருக்கிறாள். நான்தான் எதையோ பெரிதாக்கிக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பத்திரிகை அச்சடித்து வந்தது. மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், நடுவில் பாப்பா போட்டோ. கீழே ‘தாய்மாமன் S. வனராஜ்’ என்று கொட்டை எழுத்தில். பத்திரிகைக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தரையெல்லாம் மஞ்சள் துண்டு. நாகஜோதி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

என்ன காரியம் இது என்று கேட்டேன். “நீ வெளிய போ” என்றாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என்னை ‘நீ’ என்று அவள் சொன்னதில்லை. குரலும் கனத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் வெளியே போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. சத்தம் போட்டிருக்க வேண்டும்.

விளக்கு வைக்கிற நேரத்தில், “ஏங்க, பத்திரிக இன்னும் வரலையா?” என்று கேட்கிறாள். குப்பைக்கூடையைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். பத்திரிகையில் அவள் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அந்தக் கோபமாக இருக்கும். அடுத்த தடவை பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

மாமியார் சொல்லிவிட்டார். அவர் அந்தக் காலத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வாரக்கணக்கில் மலையிலேயே தங்கி வேலை பார்த்தவர். அங்கே தூக்குப் போட்டுக்கொண்ட ஒருத்திதான் மகளைப் பிடித்திருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை பேய் ஓட்டும் கோடாங்கியிடம் போகிறோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே புளியமரம். அதில் ஏற்கெனவே ஏகப்பட்ட ஆணி, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து முடி. கோடாங்கி உடுக்கை அடிக்கத் தொடங்கியதும் நாகஜோதி தலை கவிழ்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டவளேதான், பார்த்ததும் தெரிந்துவிட்டது.

யார் நீ, எந்த ஊர், எப்போது செத்தாய் என்று வரிசையாகக் கேட்டார் கோடாங்கி. எல்லோரிடமும் கேட்பதுதான்.

“நான் சாகல. எங்கயும் இருந்து வரவும் இல்ல. இவளோடயே இருக்கேன், இவ ஏழு வயசுப் புள்ளையா இருக்கையில இருந்து.”

அதுவரை மார்பில் அடித்து அழுதுகொண்டிருந்த மாமியார் சட்டென்று அழுகையை நிறுத்தினார்.

என்ன வேண்டும், சேவலா, சேலையா, கேட்டதைக் கொடுக்கிறோம், போய்விடு என்றார் கோடாங்கி. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“புள்ளைய மடியில வைக்காத.”

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. பச்சைப்பிள்ளை மேல் கண் வைத்துவிட்டது, இனி தாமதிக்கக்கூடாது என்றார் கோடாங்கி. கறுப்புச் சேவல் நேர்ந்தார்கள். உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து அறுத்து மரத்தில் ஆணியடித்தார்கள். கத்தி பட்டுத் தலையில் ரத்தம் வந்தது. அவள் திமிறினாள். தோளைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் கண்ணாடி முன்னால் நின்று, “என் முடிய யாருங்க வெட்டுனது?” என்று கேட்டாள். நேற்றுக் காலை தோசை ஊற்றியதுவரை நினைவிருக்கிறது, அதற்குப் பின் ஒன்றுமே இல்லையாம்.

மாமியார் முந்திக்கொண்டு, எல்லாம் நல்லதுக்குத்தான், அது போய்விட்டது என்றார். நாகஜோதி என்னைத்தான் பார்த்தாள். சொன்னேன், தோளைப் பிடித்ததையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே முடி போன இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எனக்குச் சின்ன வயசுல இருந்தே நாளு காணாமப் போகுதுங்க” என்றாள். “பள்ளிக்கூடத்துல இருப்பேன், அடுத்து முழிச்சா வீட்டுல இருப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். அப்புறம் அப்படி இல்லன்னு தெரிஞ்சு மறைக்கப் பழகிட்டேன். என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. மரத்துக்கிட்ட வேண்டாம்.”

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். தூரத்து ஹாரனில் கரகரப்பு வந்தால் எந்த வயர் என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் படுத்திருந்தவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தேனியில் மனநல டாக்டர். மெர்லின் என்று பெயர், என்னைவிடச் சின்ன வயது. முதலில் தலைக்காயத்துக்கு மருந்து போட்டார். யார் செய்தது என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டபிறகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வலிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தலையில் வயர் ஒட்டி ஒரு டெஸ்ட். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். நாகஜோதியிடம் மிக அதிக நேரம்.

நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். சினிமாவில் காட்டுவதுபோலக் கத்தியை எடுத்துவிடுவாளா, பாப்பாவைத் தனியாக விடலாமா என்று. கேட்டேன். இதுவரை பாப்பாவை அடித்திருக்கிறாளா என்றார். இல்லை. உங்களை? இல்லை. அப்புறம் ஏன் கேட்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தார்.

ஆகஸ்ட் 9, சனி

பாப்பாவுக்குச் சளி. ரசம் வைத்தேன். உப்பில்லை என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டாவது முறை போனோம். டெஸ்டில் வலிப்பு எதுவும் இல்லை. நாகஜோதி சம்மதித்த பிறகு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் என்னிடம் பேசினார். இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்றாலும் இதுதான் என்று தோன்றுகிறதாம். பழைய பெயர் பல ஆளுமை. இப்போது விலகல் அடையாளக் கோளாறு என்று நீளமாகச் சொல்கிறார்கள்.

எனக்குப் புரிந்தவரை இதுதான். மனசு முழுசாகச் சேர்ந்து ஒரே ஆளாக ஆவதற்குள், ரொம்பச் சின்ன வயதில், தாங்க முடியாத ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால், சில பிள்ளைகளுக்கு அது சேராமலே போய்விடுகிறது. ஒரு பகுதி வலியை வைத்துக்கொள்கிறது. ஒரு பகுதி காவலுக்கு நிற்கிறது. இன்னொரு பகுதி எதுவும் தெரியாமல் பள்ளிக்கூடம் போய், கல்யாணம் செய்து, தோசை ஊற்றுகிறது. தெரியாமல் இருந்தால்தான் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க முடியும். நடிப்பும் இல்லை, பேயும் இல்லை.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஆம்ப்ளிஃபயர், மூன்று மைக், ஒன்றைப் போட்டால் மற்றது கட். டாக்டர் சிரித்துவிட்டு, பாதி சரி என்றார். மைக்கைக் கழற்றி எறிந்துவிடலாம், இவர்களில் யாரையும் எறிய முடியாது என்றார்.

“விரட்டாதீங்க. எல்லாருமே நாகஜோதிதான். காவலுக்கு நிக்கிறவங்கள அடிச்சுத் தொரத்துனா உள்ள இருக்கிற சின்னப்புள்ள என்ன பண்ணும்?”

இதற்கு மாத்திரை இல்லை, பேசிப் பேசித்தான், வருடக்கணக்கில் ஆகும் என்றார். என்ன நடந்தது என்று நான் தோண்டித் தோண்டிக் கேட்கக்கூடாது. அவளாகச் சொல்லும்போது கேட்டால் போதும். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

“கோடாங்கி கேட்டது நல்ல கேள்விதான். என்ன வேணும்னு கேட்டிருக்கார். அவங்களும் சொல்லியிருக்காங்க. அந்தப் பதிலத்தான் யாரும் காதுல வாங்கல.”

பஸ்ஸில் வரும்போது நாகஜோதி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். அந்தப் பதில் என்னவென்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று நினைத்தேன்போல.

ஆகஸ்ட் 20, புதன்

சின்னமனூரில் ஒரு காதுகுத்து. நான்தான் செட், நான்தான் அறிவிப்பு. நூறு விசேஷத்தில் சொன்னதையே சொன்னேன், “பிள்ளையைத் தாய்மாமன் மடியில் அமர வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

பிள்ளையை உட்கார வைத்தார்கள். கத்தியது. எல்லாப் பிள்ளையும் கத்தும். அந்த மாமன் நல்ல ஆள், வேர்த்து விறுவிறுத்துப் பிள்ளைக்கு மேல் அவனும் அழுதுகொண்டிருந்தான். ஆனால் என் வாயில் அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. மடி.

புள்ளைய மடியில வைக்காத. யார் மடியில் என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? போனில் வனராஜ் மடியென்று சொன்ன நிமிடம் அவள் எழுந்து போனாள். வனராஜ் பெயர் அச்சில் வந்த நாள் அது கிழிந்தது. அவளுக்கு ஏழு வயதில் அப்பா இறந்து, அம்மா மலைக்குப் போய், அவள் வளர்ந்தது பெரியப்பா வீட்டில். அந்த வீட்டில் அப்போது வனராஜுக்குப் பதினேழு பதினெட்டு இருக்கும்.

மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள் என்று மைக்கைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, “பாப்பா வனராஜ் மடியில உக்கார மாட்டா. நான் இருக்கிறவரைக்கும் அது நடக்காது” என்று மட்டும் சொன்னேன். கையிலிருந்த துணி நின்றது. நிமிர்ந்தாள். கால்மேல் கால் போடவில்லை, ஆனாலும் அந்தக் கனத்த குரல்தான்.

“இப்பயாச்சும் கேட்டுச்சா உனக்கு?”

கேட்டது என்றேன். தோளைப் பிடித்ததற்கு மன்னித்துக்கொள் என்றேன். மிச்சத் துணியை அவளே மடித்தாள், நாகஜோதி மடிப்பதைவிட நன்றாக.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமியாரிடம் பேசினேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். வனராஜ் வரக்கூடாது என்றதும் அவர் ஏன் என்று கேட்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“ஒருக்கா சொன்னா மாப்ள. மலையில இருந்து வந்தன்னைக்கு, அண்ணன் கிட்ட விட்டுட்டுப் போகாதம்மான்னு கால கட்டிக்கிட்டு அழுதா. நாந்தேன் வாயப் பொத்துனேன். அவுக சோத்தத் தின்னுக்கிட்டு அவுக பிள்ளைய எப்படிச் சொல்றதுன்னு. மறுநாளு ஜீப்பு ஏறிட்டேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணுமே சொல்லல. மறந்துட்டான்னு நெனச்சேன்.”

எனக்குக் கத்த வரவில்லை. அவள் மறந்திருந்தது உண்மைதான். இவருக்கு நினைவிருந்திருக்கிறது, இத்தனை வருடமும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகஜோதியிடம் கேட்டுக்கொண்டுதான் வனராஜுக்கு போன் செய்தேன். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவள் டாக்டரோடு பேசி முடிவு செய்வாள், அது அவள் விருப்பம். நான் சொன்னது விசேஷத்துக்கு வர வேண்டாம் என்று மட்டும்தான்.

சிரித்தார். ஏன் மாப்ள, என்ன கோபம் என்றார். காரணம் உங்களுக்குத் தெரியும் என்றேன். சிரிப்பு நின்றது. இரண்டாவது தடவை அவர் காரணம் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வந்துவிட்டான்.

மேளத்தோடு, ஏழெட்டுச் சீர்த் தட்டோடு, வெள்ளை வேட்டியில். இத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் எவன் வாய் திறப்பான் என்ற தைரியம். நேராக வந்து காது குத்தும் ஆசாரிக்கு எதிரில் போட்டிருந்த பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தொடையைத் தட்டி, “வாடா பாப்பா, மாமன் மடிக்கு வா” என்றான்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பாப்பா நாகஜோதியின் இடுப்பில் இருந்தாள். நான் நாகஜோதியைப் பார்த்தேன். தோள் ஒடுங்கிவிட்டது, கண் எங்கோ போகிறது. கிரைண்டர் பக்கத்தில் பார்த்த கண். கூட்டம் அறிவிப்புக்காக என்னைப் பார்க்கிறது. மைக் ஆனில் இருக்கிறது. பதினைந்து வருடத் தொழில் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

பக்கத்தில் போய் நின்று, “நாகு, நான் இங்கதான் நிக்கிறேன்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

“எந்திரி.”

என் கையில் மைக் இருந்ததால் நான்கு ஹாரனிலும் கேட்டது. கருப்பசாமி கோயில் தோப்பு முழுவதும் கேட்டது. கனத்த குரலும் இல்லை, மெல்லிய குரலும் இல்லை. நான் இதுவரை கேட்காத குரல். மூன்றையும் சேர்த்து வைத்ததுபோல இருந்தது.

வனராஜ் சிரிக்கப் பார்த்தான். என்னம்மா இது, முறை இல்லையா என்று சுற்றிலும் பார்த்தான்.

“எந்திரி. என் புள்ளைக்கு நான் இருக்கேன்.”

ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்துவதா என்றார். அதற்குள் மாமியார் ராமுத்தாய் சீர்த்தட்டு ஒன்றைத் தூக்கி வந்து வனராஜின் கையில் திணித்தார். “எடுத்துட்டுப் போடா. எம்மக சொல்லுது, கேக்கலையா?” என்றார். தட்டிலிருந்த வாழைப்பழம் உருண்டு விழுந்தது. மேளக்காரர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. வனராஜ் எழுந்து, யாரையும் பார்க்காமல், தட்டோடு காருக்குப் போனான்.

நாகஜோதி பலகையில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஆசாரி என்னைப் பார்த்தார். குத்துங்கள் என்று தலையாட்டினேன். ஊசி பட்டதும் பாப்பா வீறிட்டாள். நாகஜோதி இறுக்கி அணைத்துக்கொண்டு அவள் காதோரம் பேசினாள். பக்கத்தில் நின்ற நான் மைக்கை இன்னும் அணைக்கவில்லை.

“அழாத தங்கம். அம்மா வந்துட்டேன். இனிமே மலைக்கெல்லாம் போக மாட்டேன். உன்னைய விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்.”

சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாப்பாவின் அம்மா ஒருநாளும் மலைக்குப் போனவள் இல்லை. மாமியார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கை அணைத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்றுக் கறிவிருந்து நடந்தது நாகஜோதிக்கு நினைவில்லை. கோயிலில் நடந்தது நினைவிருக்கிறதாம், கொஞ்சம். புதன்கிழமை தேனி போக வேண்டும். பாப்பா காதுக்குத் தேங்காய் எண்ணெய் போட வேண்டும்.

காலையில் கல்கண்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, யார் காலி செய்தது என்று அவள் கேட்கவில்லை. “ஏங்க, கல்கண்டு தீந்துபோச்சு. கொஞ்சம் கூடவே வாங்கி வந்துருங்க” என்றாள்.

அரைக் கிலோ வாங்கி வைத்தேன்.